தலைக்கட்டில் இல்லாதவள்

கை கழுவிவிட்டு வந்து பார்த்துச் சொல்கிறேன் என்று சங்கரவேலிடம் சொல்லியாயிற்று, கை கழுவத்தான் மனசில்லை. கழுவினால் முன்னறைக்குப் போக வேண்டும், போனால் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டும், திறந்தால் அவனுடைய மகள் சுபாஷினி எந்த ஊரில் எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். எனக்கு அது நேற்றிலிருந்து தெரியும். இவனுக்குத் தெரிந்தால் அவள் உயிரோடு இருக்க மாட்டாள். இப்படி நினைக்கவே எனக்குக் கூசுகிறது. சொந்தச் சித்தப்பா மகன், மூக்கு ஒழுக என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அலைந்த பயல், அவனைப் போய் இப்படி நினைக்கலாமா என்று ஒரு பக்கம் கேட்கிறது, நினைக்காமல் என்ன செய்ய என்று இன்னொரு பக்கம் கேட்கிறது. அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து சாளை மீனைச் செதில் உரசிக்கொண்டிருக்கிறேன். மீனும் அவன் கொண்டுவந்ததுதான். ‘தூத்துக்குடியில இருந்து இப்பதான் வந்துதுக்கா, ஐஸ் வைக்காத மீனு, ஒங்களுக்குன்னே வாங்குனேன்’ என்று பையை நீட்டினான். ஐஸ் வைக்காத மீனாம். கண்ணெல்லாம் சிவந்து உள்ளே போயிருக்கிறது, செவுளைத் தூக்கிப் பார்த்தால் பழுப்பு, வயிற்றைத் தொட்டால் பொதுக்கென்று உடைந்து விரலோடு வருகிறது. காரியம் ஆக வேண்டும் என்று வருகிறவன் நல்ல மீனாகவாவது வாங்கி வரக்கூடாதா. முன்னறையில் அவன் போனில் ஏதோ வீடியோவைச் சத்தமாக ஓடவிட்டிருக்கிறான், எவனோ கூட்டத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறான், மானம் மானம் என்கிறான், இவன் உம் கொட்டுகிறான். இங்கிருந்து பார்த்தால் அவனுடைய ஒரு கால் தெரிகிறது, நாற்காலியின் மேல் தூக்கி வைத்திருக்கிறான். பைக் சாவியைக் காதுக்குள் விட்டுக் குடைந்து, எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, என் நாற்காலித் துணியில் துடைக்கிறான். அந்தத் துணியை இன்றைக்கே வெந்நீரில் போட வேண்டும். வெந்நீரில் போட்டாலும் போகுமா என்று தெரியவில்லை.

இந்தப் புத்தகத்தை நான் ஆரம்பித்திருக்கவே வேண்டாம். எங்கள் சாஸ்தா கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வருகிறது, மலர் போட வேண்டும், அதில் நம் வம்சத்தில் யார் யார் எங்கே எங்கே இருக்கிறார்கள் என்று முழுசாகப் போட வேண்டும், டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த செண்பகம் அக்கா சும்மாதானே இருக்கிறாள், அவளிடம் கொடுங்கள் என்றார்கள். சும்மா இருக்கிறவள் என்றால் எல்லாருக்கும் இளப்பம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், பையன் பூனாவில் இருக்கிறான், எனக்கும் பொழுது போக வேண்டியிருந்தது, சரி என்றேன். அதற்கு முந்தித்தான் வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறோம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்து, இருபது வருஷத்துக்கு முந்தின பட்டியலில் உன் பேரைக் காட்டு, இல்லாவிட்டால் அப்பன் ஆத்தா பேரைக் காட்டு என்று எல்லார் உயிரையும் எடுத்திருந்தார்கள். தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் தேடிக் கொடுத்தேன். அந்தப் பழைய பட்டியலில் பேரைத் தட்டிவிட்டுத் தேட முடியாது, காகிதத்தைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள், பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். எனக்கு அது பிடித்துப் போயிற்று. வீட்டு எண், பேர், அப்பா பேர் அல்லது புருஷன் பேர், ஆணா பெண்ணா, வயது. இவ்வளவுதான். இவ்வளவுக்குள் எத்தனை கூத்து. மூன்று பட்டியலாக நாற்பத்தைந்து வயதிலேயே நிற்கிற ஒன்றுவிட்ட பெரியப்பா, ஆம்பிளையாகிவிட்ட சின்னாச்சி, செத்து எலும்பு மட்கியும் ஓட்டு இருக்கிற பெருசுகள். சங்கரன்கோவிலில் போய் ஒட்டிக்கொண்ட ஒரு கிளையை அப்பா பேரையும் வீட்டு எண்ணையும் வைத்தே பிடித்தேன், அவர்களுக்குத் தங்கள் சாஸ்தா எது என்றே மறந்துபோயிருந்தது, நான் போன் பண்ணிச் சொன்னபோது அந்த மனுஷன் அழுதுவிட்டான். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. பெருமையை இப்போது நினைத்தால் மீன் வாடையோடு சேர்ந்து வருகிறது. அப்புறம் ஒவ்வொருத்தனாக வர ஆரம்பித்தான். கல்யாணத் தரகர் வந்து, இந்தப் பொண்ணோட நெச வயசு என்னன்னு பாத்துச் சொல்லுங்கம்மா என்றார். கடன் கொடுத்தவன் வந்தான். பொண்டாட்டி ஓடிப்போன ஒருத்தன் வந்து வாசலில் நின்று பல்லைக் காட்டினான். ஓட்டுப் போடுவதற்கு என்று எழுதி வைத்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்க ஆள் பிடிக்கக் கிளம்பியிருக்கிறது. எல்லாரையும் விரட்டிவிட்டேன். இவனை மட்டும் விரட்ட முடியவில்லை, இவன் தம்பி முறை, இவன் கோயில் வரி பிரிக்கிறவன், இவன் மீன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

இன்னும் ஏழெட்டு மீன்தான் பாக்கி. வேகமாக அறுக்காதே செண்பகம், மெல்ல அறு. குடலை இழுத்தால் கறுப்பாக நீளமாக வருகிறது, சட்டிக்குள் போட்டால் சட்டி விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது, சன்னலில் பூனை ஒன்று உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. பொறு சவமே, உனக்குத்தான். சங்கரவேல் போன வாரம் வந்து என்ன சொன்னான். ‘யக்கா, மலர்ல எல்லாம் முழுசா இருக்கணும்லா. எம் மவ பேரும் வரணும். என்ன இருந்தாலும் நம்ம ரத்தம். இப்ப எங்க இருக்கா, என்ன முகவரின்னு பாத்துப் போட்டுருங்க.’ குரலைத் தாழ்த்திக்கொண்டு, கண்ணைத் தரையில் போட்டுக்கொண்டு சொன்னான். அப்போது எனக்கு நெஞ்சு இளகிப்போனது உண்மை. மனசு மாறிவிட்டான் போலிருக்கிறது, பெத்த பாசம் என்று நினைத்தேன். அன்றைக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினேன். அவன் போய் வெகுநேரம் கழித்துத்தான், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, சட்டென்று பொறி தட்டியது. எங்கள் கோயிலில் தலைக்கட்டு என்றால் ஆம்பிளை மட்டும்தான். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆம்பிளையும் ஒரு தலைக்கட்டு, வரி அவன் பேரில், பொங்கச் சோறு அவன் பேரில். பெண்பிள்ளை பிறந்த வீட்டில் கணக்கில்லை, போன வீட்டில் இன்னொருத்தன் தலைக்கட்டுக்குள் ஒரு ஆள். மலரிலாவது பெண்மக்கள் பேரைப் போடுவோம் என்று நான் எவ்வளவு சண்டை போட்டேன். கூட்டத்தில் எழுந்து நின்று கூடாது என்றவனே இவன்தான். ‘பொட்டப்பிள்ளையள எல்லாம் எழுத ஆரம்பிச்சா புஸ்தகம் எங்க போயிக்கா நிக்கும்’ என்றான், எல்லாரும் சிரித்தார்கள். பெண்பிள்ளை பேரே வராத மலரில் இவன் மகளுக்கு மட்டும் முகவரியா. மூத்த மகளைச் சாத்தூரில் ஊரைக் கூட்டிக் கட்டிக்கொடுத்தானே, அவள் முகவரியையும் போடச் சொல்லி ஏன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏமாந்துதான் போயிருப்பேன். பொய் சொல்கிறவனுக்கு அந்த அளவுக்குக்கூட யோசிக்கத் தோன்றவில்லை, அக்காதானே, கிழவிதானே, மீனைப் போட்டால் போதும் என்று நினைத்திருக்கிறான்.

அப்புறம் அந்த ஃபிளெக்ஸ். அதை நினைக்கக்கூடாது என்று நினைத்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. சுபாஷினி அந்த ரூபன் என்கிற பையனைக் கட்டிக்கொண்டு போய் மூன்றாம் நாள், இவன் வீட்டு முக்கில் வைத்தான். கண்ணீர் அஞ்சலி. அவள் படம், அதுவும் என் வீட்டு மாடியில் பொங்கலுக்கு எடுத்த படம், என் துணிக்கொடியே பின்னால் தெரிகிறது. தோற்றம் என்று அவள் பிறந்த தேதி. மறைவு என்று அவள் தாலி கட்டிக்கொண்ட தேதி. கீழே வருந்தும் குடும்பத்தார் என்று வரிசையாகப் பேர்கள், என் பேரும் இருந்தது, என்னைக் கேட்காமல் போட்டிருந்தான். மொட்டை போட்டான், பதினாறாம் நாள் காரியம் பண்ணினான், பந்தி போட்டான். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்டு, கை நனைத்த ஈரம் காய்வதற்குள் இலையில் உட்கார்ந்து வடையைப் பிய்த்துத் தின்றான், தின்றதை நான் வாசலில் நின்று பார்த்தேன். ஆவுடைத்தங்கம், அவன் பெண்டாட்டி, அடுப்படி மூலையில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து இரண்டு பெண்டுகள், இனி அழாத தாயி, சனியன் விட்டுதுன்னு நெனச்சுக்கோ என்றார்கள். எனக்கு அந்த வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்கப் பிடிக்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன். மொட்டை போட்ட தலையில் இப்போது முடி வளர்ந்து மை அடித்திருக்கிறான். மை நெற்றியில் கொஞ்சம் வழிந்திருக்கிறது, அதைக்கூடத் துடைக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நேற்று எதற்காகத் தேடினாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன். அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள என்று சொல்லலாம், அது பாதி உண்மை. மீதிப் பாதி சொல்லக் கூசுகிறது, கிடைக்குமா என்று பார்க்கிற அரிப்பு. மோப்பம் பிடித்துப் பழகிய மூக்கு சும்மா இருக்குமா. அவளுடைய வாக்காளர் அட்டையின் நகல் என்னிடம் இருந்தது, பதினெட்டு வயது முடிந்து அட்டை வந்த அன்றைக்கே போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள், அத்தை எனக்கும் ஓட்டு வந்துட்டு, இனி என்கிட்டயும் கையெடுத்துக் கும்பிட்டு வருவாங்கள்லா என்று. அட்டைக்கு ஒரு நம்பர் உண்டு, ஆள் எந்த ஊருக்குப் போனாலும் அந்த நம்பர் கூடவே போகும். தேர்தல் கமிஷன் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். வந்துவிட்டது. வேறு மாவட்டம், வேறு தொகுதி, எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி என்பது வரைக்கும். அதைப் பிடித்துப் பட்டியலைத் திறந்து, பக்கம் பக்கமாகப் பார்த்து, வீட்டு எண்ணையும் எடுத்துவிட்டேன். எடுத்ததும் கையைத் தட்டினேன். தனியாக உட்கார்ந்துகொண்டு நானே கையைத் தட்டினேன், அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் போய் வாயைக் கொப்பளித்தேன். போன் நம்பரை மாற்றியிருக்கிறாள், படம் எதுவும் எங்கும் போடுவதில்லை, கூடப் படித்தவர்களிடம்கூடச் சொல்லவில்லை, அப்படிப் பயந்து பயந்து மறைந்துகொண்ட பிள்ளை, சர்க்கார் காகிதம் என்று வந்ததும் ஒழுங்காகப் போய் விலாசத்தை மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறாள். பட்டியலில் பேர் இல்லாவிட்டால் இந்த ஊர்க்காரியே இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று எல்லாரும் பயந்த மாதிரி அவளும் பயந்திருப்பாள். இங்கே அப்பன் கொன்று ஃபிளெக்ஸ் வைத்துவிட்டான், அரசாங்கத்திலாவது உயிரோடு இருப்போம் என்று நினைத்திருப்பாள். அந்த ஊர்ப் பேரை நான் மனசுக்குள்கூடச் சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன் என்றால் நாக்கின் நுனியில் அது வந்து உட்காருகிறது. வீட்டு எண் அதை விட மோசம், மீனை உரசுகிற தாளத்துக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது, பழைய எண் இத்தனை, புது எண் இத்தனை. வேறு எதையாவது நினை. அரிசி ஊறப்போட வேண்டும். புளி கரைக்க வேண்டும். பழைய எண் இத்தனை. கேஸ் புத்தகத்தை எங்கே வைத்தேன். புது எண் இத்தனை. டெலிபோன் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் எத்தனையோ நம்பரை நினைவில் வைத்துக்கொண்டதற்கு இன்றைக்குத் தண்டனை. இவன் வந்து முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுமோ, தூக்கத்தில் உளறுவேனோ, காய்ச்சல் வந்தால் பிதற்றுவேனோ. ஒருத்தி உயிரை என் வாய்க்குள் வைத்துக்கொண்டு நான் மீன் அறுத்துக்கொண்டிருக்கிறேன், இந்த வாய்க்கு என்ன உத்தரவாதம்.

மீன் முடிந்துவிட்டது. ‘யக்கா, இன்னுமா ஆவுது’ என்று அவன் அடுப்படி வாசலிலேயே வந்து நிற்கிறான். பாக்குப் போட்ட வாய், ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு. ‘ஆச்சு’ என்றேன், சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன், துண்டில் துடைத்துக்கொண்டேன். முன்னறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். என் தோளுக்கு மேல் குனிந்து நிற்கிறான், பாக்கு வாடையும் தலை மை வாடையும் சேர்ந்து என் கழுத்தில் விழுகிறது. என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. தெரியாமலே எங்கள் ஊர்ப் பட்டியலைத் திறந்தேன், அவன் வீட்டு எண்ணுக்கு வந்தேன். சங்கரவேல், ஆவுடைத்தங்கம், மகன், அதற்கடுத்து சுபாஷினி பேரின் மேல் குறுக்கே, நீக்கப்பட்டது. ஊர் மாறினால் இந்த ஊர்ப் பட்டியலில் பேரை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு வெறுப்பு கொதித்து வந்தது, அதுவே வார்த்தையாகவும் வந்துவிட்டது. ‘பாத்துக்கோ’ என்றேன். ‘பேரை எடுத்துட்டாவ.’ ‘எடுத்துட்டாவன்னா? எதுக்குக்கா எடுத்தாவ?’ ‘எதுக்கு எடுப்பாவ. செத்தவுக பேர வச்சிருப்பாவளா? நீதானடே முக்குல ஃபிளெக்ஸ் வச்ச. மறைவுன்னு தேதி போட்ட. பதினாறு கும்பிட்ட. அதிகாரி வந்து தெருவுல விசாரிச்சா ஊரே சொல்லுமே, அந்தப் பிள்ள செத்துட்டுன்னு.’ ‘அது சும்மா ஒரு இதுக்கு வச்சது’ என்றான். ‘சும்மாவா. கொள்ளி வச்ச மாதிரி மொட்ட போட்டியே, அதுவும் சும்மாவா.’ ‘வேற ஊரு எதுலயும் இல்லியாக்கா? நல்லாப் பாருங்க.’ ‘எல்லாம் பாத்தாச்சு. எங்கயும் கெடையாது.’ இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்த வீட்டு எண் அந்த நேரத்தில் என் தலைக்குள் அவ்வளவு சத்தமாகக் கேட்டது, அவனுக்கும் கேட்டுவிடுமோ என்று பயந்து இருமினேன்.

அவன் அந்தக் குறுக்குக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் ஒரு விரலை நீட்டி மகள் பேர் மேல் வைத்தான், எடுத்தான். நாற்காலியில் உட்கார்ந்தான், காலைத் தூக்கி வைக்கவில்லை. ‘நெசமாவே போயிட்டாளாக்கா?’ என்றான். குரல் உடைந்திருந்தது. ‘அந்தப் பய எதுவும் பண்ணிட்டானா? இல்ல இவளே எதையும் குடிச்சிட்டாளா? பேரே இல்லன்னா...’ கண் கலங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அப்படியே சின்ன வயது சங்கரவேல் முகம். எனக்கு ஆத்திரமாக வந்தது. உனக்கு எதுக்குடா அழுகை, நீ கேட்டது இதுதானே, நீ ஊரைக் கூட்டிச் சொன்னது இதுதானே. ஆத்திரத்துக்குள்ளேயே பரிதாபமும் வந்துவிட்டது, அதுதான் அருவருப்பு. பெத்தவன் அழுகிறான், அவனை இந்தப் பொய்யில் விட்டால் நானும் அவனும் ஒன்றுதானே, நானும் அவளைச் சாகடித்தவள்தானே. இல்லடா, நல்லா இருக்கா என்று இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஊரைச் சொல்ல வேண்டாம், இருக்கிறாள் என்று மட்டும் சொன்னால் போதும். வாயைத் திறந்துவிட்டேன். இல்ல என்கிற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கும்போது அவன் போன் அடித்தது. இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வலது கையால் எடுத்தான். ‘ஆங், மாப்ள. இங்கதான் இருக்கேன். இல்ல, ஒண்ணும் ஆவல, பட்டியல்லயே இல்லியாம். வண்டிய இன்னைக்கு எடுக்க வேண்டாம். அந்தப் பயலுகளயும் வீட்டுக்குப் போவச் சொல்லு, வேற எவனும் சொல்லுதானான்னு பாப்பம்.’ போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அழுகையும் பொய்யில்லை, வண்டியும் பொய்யில்லை, இரண்டும் ஒரே ஆளுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. வாயில் நின்ற சொல்லை விழுங்கினேன். அவன் எழுந்து செருப்பை மாட்டினான். ‘சரிக்கா. மலர்ல அவ பேரு வேண்டாம், விட்டுருங்க. மத்தியானம் இந்தப் பக்கந்தான் ஒரு சோலி, கொழம்பு வச்சியன்னா சாப்ட வாரேன்’ என்றான். ‘மீனு கெட்டுப் போயிருக்கு’ என்றேன். ‘நல்ல மீனுக்கா அது’ என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

மீனை மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினேன். பூனை வந்து மோந்து பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் கவ்விக்கொண்டு போனது. நாற்காலித் துணியை உருவி வாளிக்குள் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்தேன், அணைத்த பிறகும் திரும்பிப் போய்ப் பார்த்தேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை, யாரிடமாவது போய் நீங்களெல்லாம் மனுஷர்களாடா என்று கேட்க வேண்டும் போல இருந்தது, கேட்கிறதுக்கு யார் இருக்கிறார்கள், எல்லாரும் அந்த ஃபிளெக்ஸில் பேர் இருக்கிறவர்கள்தான். வேற எவனும் சொல்லுதானான்னு பாப்பம் என்றானே. இன்னொருத்தனுக்கும் இந்த வித்தை தெரிந்திருக்கும், ஒரு ப்ரௌசிங் சென்டர் பயலுக்குத் தெரிந்தால் போதும். என் பொய் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஆவுடைத்தங்கம். பின்னால் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம், குளியலறைக்குள் நின்று பேசுகிறாள். ‘மதினி, அவுக கெளம்பிட்டாவளா?’ ‘கெளம்பிட்டான்.’ ‘சொல்லிட்டியளா?’ ‘இல்ல. பட்டியல்ல பேரு இல்லன்னு சொல்லிட்டேன்.’ ‘நெசமாவே இல்லியா மதினி?’ என்றாள், கேட்டும் கேட்காத மாதிரி ஒரு குரல். ‘இருக்கா’ என்றேன். காலையிலிருந்து நான் சொன்னதில் வாய்க்குக் கசக்காத ஒரே வார்த்தை அது. ‘எங்கன்னு சொல்லட்டா?’ ‘வேண்டாம்’ என்று உடனே சொன்னாள். ‘சொல்லிராதிய மதினி. தெரிஞ்சா என் வாயில நிக்காது. ரெண்டு அடி தாங்குவேன், அதுக்கு மேல தாங்க மாட்டேன்.’ அவள் மறுபடி பேசினாள். ‘அந்தப் பட்டியல்ல பொம்பளையள் பேருக்குக் கீழ யாரு பேராவது போடுவாவல்லா. அவளுக்கு யாரு பேரு போட்டிருக்கு? அந்தப் பையன் பேரா?’ கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பேர், பின்னால் புருஷன் பேர், நான் பார்த்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் பெண்களுக்கு இது இரண்டைத் தவிர வேறு பார்த்தது அபூர்வம். ‘தாயார் பெயர்னு போட்டு ஒன் பேர எழுதிக் குடுத்திருக்கா’ என்றேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது, குழாயை மூடிவிட்டாள். அழுவாள், அழட்டும் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை. ‘மதினி, ஆவுடைத்தங்கம்னு நீங்க பாத்ததுல எத்தன பேரு இருப்பாவ?’ ‘எனக்குத் தெரிஞ்சு நீ ஒருத்திதான்.’ ‘அப்ப என் பேர வச்சே அவளப் பிடிச்சிருவாவல்லா’ என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் பக்கம் யாரோ குளியலறைக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது, இந்தா வாரேன் என்று அங்கே சத்தமாகச் சொல்லிவிட்டு, போனை வாயோடு ஒட்டிக்கொண்டு இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னாள். ‘நீங்க நேரா போயி அவகிட்ட சொல்லுங்க. அந்தப் பையன் பேரப் போட்டுக்கிடட்டும். என் பேர எடுத்துரச் சொல்லுங்க மதினி.’